கொச்சரேத்தியும் அதைப் படித்தவர்களும்

சில வருடங்களுக்கு முன்னால் மலையாள நாவலாசிரியர் நாராயனின் ‘கொச்சரேத்தி’யைப் படித்தேன். படித்தேன் என்பதைவிட அதிலிருந்து தகவல் எடுத்தேன் என்பதுதான் சரி. வேலை மென்பொருள். கையில் எது கிடைத்தாலும் அட்டவணை போடும் பழக்கம். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் காலை ரயிலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு எக்செல் கோப்பைத் திறந்து, கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, சாப்பாடு, மருந்து, தெய்வம், உறவுமுறை என்று தலைப்புகள் போட்டேன். நாவலில் ஒரு சடங்கு வந்தால் பக்க எண்ணோடு ஏற்றிவிடுவேன். சடங்கு எதுவும் இல்லாத பக்கங்களை வேகமாகப் புரட்டினேன்.

கோப்பின் முதல் வரியில் ஆசிரியர் பெயர். அட்டையில் ‘நாராயன்’ என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து ‘நாராயணன்’ என்று திருத்திப் போட்டுக்கொண்டேன். அது பிழையே இல்லை. அவர் பெயர் அதுதான். ஒரு மனிதர் தன் புத்தகத்தின் அட்டையில் தன் பெயரைப் போட்டிருக்கிறார். அதையும் நான் திருத்தியிருக்கிறேன். ரொம்ப நாள் கழித்து அந்தக் கோப்பை வேறு எதற்கோ திறந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தத் திருத்தத்தில் இருந்து வந்தது. பழங்குடி எழுத்தாளர் ஒருவர் எழுதிய புத்தகத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? இப்படிப் படிக்க எங்கே கற்றுக்கொண்டோம்? அந்த வாசிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய தென் திருவிதாங்கூர்க்காரர்களாகிய நமக்கு அதில் நேரடியான பங்கும் இருக்கிறது.

மலையைப் பற்றி எழுதியவர்கள்

1956 நவம்பர் 1 வரைக்கும் நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். என் அப்பா பள்ளியில் மலையாளம் படித்தவர். அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டதால்தான் இந்த நாவலை மூலத்திலேயே தட்டுத்தடுமாறிப் படிக்க முடிந்தது. மாநிலம் மாறினாலும் சில தடயங்கள் மிச்சம் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலைப் பாருங்கள். காணிக்காரர், ஊராளி, மலைவேடன், மலைப்பண்டாரம் என்ற பெயர்களோடு மலையரையன் என்ற பெயரும் அதில் இருக்கும். நாராயன் பிறந்த சமூகம் அது. இடுக்கி, கோட்டயம் மலைகளில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். நம் பக்கம் பேச்சிப்பாறை, கோதையாறு மலைகளில் இருப்பவர்கள் காணிக்காரர்கள். இரண்டும் வேறு வேறு சமூகங்கள். ஆனால் ஒரே அரசின் கீழ் இருந்த மலைகள் என்பதால், இரண்டு பேரைப் பற்றியும் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

வரிசையாகச் சொல்கிறேன். 1862இல் சி.எம்.எஸ். மிஷனரி ஹென்றி பேக்கர் மலையரையர்களைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். எல்.எம்.எஸ். மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871இல் ‘தர்ம பூமி’ என்ற பொருளில் தலைப்பிட்டுத் திருவிதாங்கூர் பற்றி ஒரு நூலும், 1883இல் அங்குள்ள மக்களின் வாழ்க்கையைப் பற்றி இன்னொரு நூலும் எழுதினார். மலைவாசிகளும் அவற்றில் வருகிறார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வந்தன. மூன்றாம் தொகுதியில் காணிக்காரர் இருக்கிறார்கள். உயரமும் மூக்கின் அளவும் உட்பட. பிறகு 1937 முதல் 1941 வரை எல்.ஏ. கிருஷ்ணய்யரின் திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய மூன்று தொகுதிகள்.

நாஞ்சில் நாட்டு வரலாற்றில் ஆர்வம் உள்ள யாரும் இந்தப் புத்தகங்களைத் தாண்டிப் போக முடியாது. நானும் இவற்றில்தான் ஆரம்பித்தேன். இவர்களில் யாரையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. பேக்கர் மலையில் பள்ளிக்கூடம் வைத்தவர். மெட்டீர் அன்றைய சாதிக் கொடுமைகளை வெளியுலகத்துக்குச் சொன்னவர். அவர்கள் எழுதி வைக்காவிட்டால் நமக்குப் பல விஷயங்கள் தெரிந்தே இருக்காது.

ஆனால் இவர்கள் நால்வருக்கும் பொதுவான ஒன்று உண்டு. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களே ஒருநாள் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. பேக்கருக்கும் மெட்டீருக்கும் வாசகர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்தார்கள். தர்ஸ்டனுக்கு அதிகாரிகளும் அறிஞர்களும். அளக்கப்பட்ட மூக்குக்குச் சொந்தக்காரர் அந்தத் தொகுதியைப் புரட்டிப் பார்ப்பார் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதனால் எழுத்துக்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. வீடு, உடை, உணவு, திருமணம், இறப்பு, தெய்வம், மந்திரம். என்னுடைய எக்செல் தலைப்புகளை நானாக யோசித்து வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். தர்ஸ்டனை மறுபடி எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே வரிசை.

வாசகராக இருந்தவர் எழுத்தாளரானது

நாராயன் 1940 செப்டம்பர் 26 அன்று, இன்றைய இடுக்கி மாவட்டத்தில் குடையத்தூர் மலையடிவாரத்தில் பிறந்தார். தபால் துறையில் வேலை பார்த்து 1995இல் ஓய்வு பெற்றார். ‘கொச்சரேத்தி’ 1998இல் டி.சி. புக்ஸ் வெளியீடாக வந்தது. தலைப்பைப் பிரித்தால் கொச்சு அரயத்தி, அதாவது சின்ன அரயப் பெண். கேரளத்தின் முதல் பழங்குடி நாவலாசிரியர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1999இல் கேரள சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2022 ஆகஸ்ட் 16 அன்று கொச்சியில் காலமானார்.

இந்தத் தகவல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வருவது வேறு. அவர் ஏன் எழுத ஆரம்பித்தார் என்பது. பழங்குடி அல்லாதவர்கள் எழுதியவற்றில் தன் மக்கள் மனிதத்தன்மையே இல்லாத பூதங்களைப் போலக் காட்டப்பட்டதைப் படித்து, அதற்குப் பதிலாகத்தான் எழுதினேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது, நாங்களும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் ‘கொச்சரேத்தி’க்கு வந்த வாசக எதிர்வினைகள் என்று பேசும்போது 1998இல் இருந்து கணக்குப் போடுகிறோம். உண்மையில் ‘கொச்சரேத்தி’யே ஒரு வாசக எதிர்வினைதான். முதலில் ஒரு தபால் ஊழியர் தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்தார். கோபம் வந்தது. ஒரு நாவல் எழுதினார். பேக்கர் புத்தகம் வந்து 136 வருடம் கழித்து, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தச் சமூகத்தில் இருந்தே ஒரு வாசகர் முழு நாவலாகப் பதில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பதில் வெளியே வரவும் லேசில் வழி கிடைக்கவில்லை. 1988இலேயே எழுதி முடிக்கப்பட்ட நாவல் அது. புத்தகமாக வரப் பத்து வருடம் ஆயிற்று.

மலையாளத்தில் அதற்கு முன்னாலும் பழங்குடிகளைப் பற்றி நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. வயநாட்டுப் பின்னணியில் பி. வத்சலா எழுதிய ‘நெல்லு’ 1972இல் வந்து, ராமு காரியாட் இயக்கத்தில் சினிமாவாகவும் ஆனது. கே.ஜே. பேபியின் ‘மாவேலிமன்றம்’ இருக்கிறது. அக்கறையோடு எழுதப்பட்டவைதான். ஆனாலும் வெளியில் இருந்து வந்து பார்த்து எழுதியவை. நம் தமிழிலும் இதே நிலைதான். படுகர் வாழ்க்கையைச் சொல்லும் ‘குறிஞ்சித்தேன்’ ராஜம் கிருஷ்ணன் எழுதியது. ‘சோளகர் தொட்டி’ ச. பாலமுருகன் எழுதியது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் என் அலமாரியில் காணிக்காரர் ஒருவர் தன் கையால் எழுதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. மலை என் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பார்த்தால் தெரிகிறது.

நான் புரட்டித் தள்ளிய பக்கங்கள்

பெயரைத் திருத்தியது தெரிந்த பிறகு நாவலை மறுபடி படித்தேன். இந்த முறை கோப்பு எதுவும் திறக்கவில்லை. பக்கத்தில் கேத்தரின் தங்கம்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. மொழிபெயர்ப்புக்கான கிராஸ்வேர்ட் விருது அதற்குக் கிடைத்தது.

கதை சிக்கலானது இல்லை. குஞ்ஞிப்பெண்ணு தனக்குப் பிடித்த கொச்சுராமனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் வைத்தியம் தெரிந்தவன். சுதந்திரத்துக்கு முன்பும் பின்பும் நடக்கும் கதை. மலையில் விளைந்ததைக் கீழே இருந்து வரும் வியாபாரி விலை வைத்து வாங்குகிறார். கடன் ஏறுகிறது. வனக்காவலரும் போலீசும் வரி வாங்க வருபவர்களும் மலைக்கு ஏறி வருகிறார்கள். மகள் பார்வதி படித்து, நகரத்தில் வேலைக்குப் போய்விடுகிறாள். கடைசியில் ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த கொச்சுராமன் நோயாளியாக நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். கிழவனும் கிழவியும் அங்கிருந்து ஓடிப்போகிறார்கள்.

சடங்குகள் இருக்கின்றன. ஆனால் நாவல் அவற்றின் மேல் நிற்கவில்லை. கடன், நிலம், படிப்பு, பிள்ளைகள் வெளியூர் போவது, வயதான காலத்தில் ஆஸ்பத்திரி, இதன் மேல்தான் நிற்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. என் அப்பாவும் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே ‘வா, வீட்டுக்குப் போவோம்’ என்று சொல்வார். முதல் வாசிப்பில் இந்த ஒற்றுமை எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பக்கங்களில் சடங்கு எதுவும் இல்லையே, அதனால் தாண்டிப் போயிருந்தேன்.

மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள்

நான் மட்டும்தானா இப்படி என்று பார்க்க, கிடைத்த கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் படித்தேன். ‘கொச்சரேத்தி’ இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடம். ஆய்வுக்கட்டுரைகள் நிறைய வருகின்றன. நான் படித்தவற்றில் மூன்று வகை தெரிந்தது.

முதல் வகை, ஆவணமாகப் படிப்பது. மலையரையர்களின் வழக்கங்கள் இதில் பதிவாகியிருக்கின்றன என்று பாராட்டுவது. இது என் எக்செல் வாசிப்புதான், கொஞ்சம் நல்ல மொழியில்.

இரண்டாம் வகை, ‘முதல் பழங்குடி நாவல்’ என்ற பெருமைக்காகப் படிப்பது. முதல் என்பதைச் சொன்னதும் வேலை முடிந்துவிடுகிறது. நாராயன் அதற்குப் பிறகும் ‘ஊராளிக்குடி’ போன்ற நாவல்களும் சிறுகதைகளும் எழுதினார். முதல் புத்தகம் ஒன்றே போதும் என்று இருக்கும் வாசகர் அதுவரைக்கும் போவதில்லை.

மூன்றாம் வகை, ஏமாற்றம். நடை சாதாரணமாக இருக்கிறது, காட்டின் மர்மம் போதவில்லை, இவ்வளவுதானா என்கிற மாதிரி. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. எதை எதிர்பார்த்துப் போனார்கள், ஏமாறுவதற்கு? அந்த எதிர்பார்ப்பை அவர்களுக்கு முன்னமே கொடுத்தது மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள். நாராயன் எதை மறுத்து எழுதினாரோ, அதையே அளவுகோலாக வைத்து அவரை அளக்கிறோம்.

இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1976இல் ‘லிட்டில் ட்ரீயின் கல்வி’ என்ற பொருளில் ஒரு புத்தகம் வந்தது. செரோக்கி தாத்தா பாட்டியிடம் மலையில் வளர்ந்த அனாதைப் பையனின் சுயசரிதை. ஆசிரியர் பெயர் ஃபாரஸ்ட் கார்ட்டர். 1986இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை மறுபடி போட்டது. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆசிரியர்கள் வகுப்பில் படிக்கக் கொடுத்தார்கள். 1991இல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதே வருடம் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அதே பத்திரிகையில் எழுதினார்: இந்த ஃபாரஸ்ட் கார்ட்டர் வேறு யாரும் இல்லை, ஏசா கார்ட்டர், கு க்ளக்ஸ் க்ளான்காரர். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963இல் நிறப்பாகுபாடு என்றென்றும் இருக்கும் என்று முழங்கிய உரையை எழுதிக்கொடுத்தவரே அவர்தான். புத்தகம் சுயசரிதையும் இல்லை.

லட்சக்கணக்கான பேர் ஏமாந்தது அவர்கள் முட்டாள்கள் என்பதால் இல்லை. கார்ட்டருக்கு வாசகர்கள் எதை விரும்புகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. காட்டின் ஞானம் பேசும் தாத்தா, மரங்களோடு பேசும் பாட்டி. கடனோ கோர்ட்டோ ஆஸ்பத்திரியோ வந்து கதையைக் கெடுக்காத மலை. போலி எழுதுபவருக்கு நாம் என்ன கேட்கிறோமோ அதை அப்படியே கொடுக்க முடியும். உண்மையில் அங்கே வாழ்ந்தவருக்கு அது முடியாது, அவர் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறதே.

சொந்த ஜனங்கள் படிக்கும்போது

அப்படியானால் அந்தச் சமூகத்து வாசகர்கள் சரியாகப் படிப்பார்களா? அதையும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஹன்ஸ்தா சௌவேந்திர சேகர் சந்தால் சமூகத்தைச் சேர்ந்தவர், தொழிலில் மருத்துவர். ஆங்கிலத்தில் எழுதுகிறார். முதல் நாவலுக்காக 2015இல் சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் பெற்றவர். அதே வருடம் அவருடைய சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஆதிவாசி இனி ஆட மாட்டான் என்று தலைப்பிலேயே சொல்லும் புத்தகம். அதில் ஒரு கதை சந்தால் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று 2017இல் எதிர்ப்புக் கிளம்பியது. உருவபொம்மையை எரித்தார்கள். எதிர்த்தவர்களில் சந்தால்களும் இருந்தார்கள். ஆகஸ்டில் ஜார்க்கண்ட் அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. அரசு மருத்துவராக இருந்த அவரைப் பணி இடைநீக்கமும் செய்தது. டிசம்பரில் தடை நீங்கியது.

பெருமாள்முருகனுக்கு நடந்ததைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு சமூகத்தைப் பற்றி வெளியில் நூறு புத்தகம் இருந்தால், ஒரு கதையில் ஒரு பெண் ஒரு காரியத்தைச் செய்கிறாள் என்பது ஒரு பெண்ணின் கதையாகவே நிற்கும். ஒன்றிரண்டு புத்தகம்தான் இருக்கிறது என்றால் அவளே மொத்தச் சமூகத்துக்கும் அடையாளம் ஆகிவிடுகிறாள். படிப்பவர்களுக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. தடை போட்டது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பின்னால், வெளியாள் நம்மை எப்படிப் படிப்பான் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் என் எக்செல் கோப்பு மாதிரியான வாசிப்புகள்.

பேச்சிப்பாறையில்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பேச்சிப்பாறை போனேன். காணிக்காரர்களைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மூட்டுக்காணி, பிலாத்தி, கொக்கரை இசைத்துப் பாடும் சாற்றுப்பாட்டு என்று எல்லாம் பழைய நூல்களில் இருந்து எடுத்தது. அதை அச்சு எடுத்து ஒரு பெரியவரிடம் காட்டினேன். ரப்பர் பால்வெட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற காணிக்காரர், அறுபது தாண்டியவர். சாயாக்கடையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். நான் பிழை திருத்துவார் என்று பேனாவோடு இருந்தேன்.

படித்து முடித்து மடித்துத் தந்தார். “நல்லா எழுதியிருக்கிய சாரே. ஆனா இதப் படிச்சா நாங்க எல்லாரும் செத்துப் போனமாதிரில்லா இருக்கு” என்றார்.

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவரே தொடர்ந்தார். “எனக்க மவ நர்ஸ் படிச்சா. கொச்சுமோன் பாலிடெக்னிக். அதொண்ணும் இதுல வராதா?”

“அண்ணே, இது பழைய காலம் பத்தினது” என்று இழுத்தேன்.

“பழைய காலம்னா அம்பது வருசம்னு போடணும். நீங்க ‘காணிகள் இப்படிச் செய்வார்கள்’னுல்லா போட்டிருக்கிய.” பிறகு கொஞ்சம் சிரித்தபடி, “ஆரோக்கியப் பச்சையயும் இப்பிடித்தான் கேட்டுட்டுப் போனாவ” என்றார்.

அந்தக் கதை தெரியாதவர்களுக்காக: 1987இல் அகத்தியமலைக் காட்டில் வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்கள் களைப்பே இல்லாமல் நடப்பதைப் பார்த்த ஆய்வாளர்கள், அவர்கள் மென்ற காய் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதில் இருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. வரும் பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு. ஆனால் இந்த அறிவை வெளியே சொன்னதே தப்பு என்று சொன்ன பிலாத்திகளும் இருந்தார்கள். பெரியவர் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டுட்டுப் போனவர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது.

பேச்சை மாற்றவா, இல்லை உண்மையிலேயே சொல்ல ஆசைப்பட்டா என்று தெரியவில்லை, ‘கொச்சரேத்தி’யின் கதையை அவருக்குச் சொன்னேன். இன்னொரு சாயா வரும் வரைக்கும் ஆயிற்று. மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. கடன் வரும் இடத்தில் தலையாட்டினார். வனக்காவலர் வரும் இடத்தில் சிரித்தார். கல்யாண வழக்கங்களைச் சொன்னபோது, “அது அவியளுக்கு, நமக்கு வேற” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். கடைசியில் கிழவனும் கிழவியும் ஆஸ்பத்திரியில் இருந்து ஓடிப்போகிறார்கள் என்று முடித்தேன்.

கொஞ்ச நேரம் அணைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “மவகிட்ட சொல்லிட்டுப் போனாவளா?”

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. இரண்டு தடவை படித்த நாவல். மூலமும் மொழிபெயர்ப்பும் படித்திருக்கிறேன். அதைப் பற்றிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். அடையாள அரசியல், சூழலியல், பெண்ணியம் என்று எல்லாக் கேள்வியும் அவற்றில் இருந்தது. இந்தக் கேள்வியை எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை. நர்ஸ் படித்த மகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மலையில் இருக்கும் ஒருவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

“பார்த்துட்டு வந்து சொல்லுதேன் அண்ணே” என்றேன்.

“செரி, மறக்காதிய” என்றார்.

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். அவசரமாகப் புரட்டி வரியைத் தேடாமல், அத்தியாயத்தின் ஆரம்பத்தில் இருந்து மெதுவாகப் படித்தேன். பதிலை இங்கே எழுதவில்லை. அதை முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும். நாவல் கிடைத்தால் நீங்களும் அந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள்.

பழைய எக்செல் கோப்பு இன்னும் இருக்கிறது. அதை அழிக்கவில்லை. எந்தப் பக்கங்களை நான் தாண்டிப் போனேன் என்பதற்கு அது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் சாட்சி. ஆசிரியர் பெயரை மட்டும் சரியாக மாற்றிவிட்டேன். நாராயன். காணிக்காரர் பற்றிய குறிப்பையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். எந்தக் காலம், யார் சொன்னது என்று ஒவ்வொரு வரிக்கும் போட வேண்டியிருக்கிறது. ‘காணிகள் இப்படிச் செய்வார்கள்’ என்று எழுதிய இடங்களை எண்ணினேன். சின்னக் குறிப்புதான், இருபத்திமூன்று இடத்தில் வந்திருக்கிறது.